பிரசிடெண்டுக்குக் கொடுத்த மனு

குடியரசுத் தலைவரைப் பிரசிடெண்ட் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. புத்தகத்தில் குடியரசுத் தலைவர் என்றுதான் போட்டிருந்தது. வயசானவர்கள் ஜனாதிபதி என்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லி, புரியாவிட்டால் மனப்பாடம் செய்யுங்கள் என்று விட்டிருக்கலாம். வாத்தியார்கள் பாதிப்பேர் அப்படித்தான் விடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

ஆற்றுக்கு வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர். பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தொண்ணூற்றேழாம் வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முந்தின வருஷம்தான், நெடுங்காலமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து ஊருக்குப் புதிதாக ஒரு பிரசிடெண்ட் வந்திருந்தார். உரக்கடை வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர்தான். எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கையை நீட்டி அவர் வீட்டைக் காட்டிவிடும். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் இருப்பது, அந்தப் பாடத்தைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

நான் ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவள். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மாவுக்குத் துணையாக நானும் பீடி சுற்ற உட்கார்ந்தேன். ஆனாலும் புத்தகத்தின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை எங்கள் முன்னறையில் டியூஷன். நான் பத்தாவது முடித்தவள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நானாக அப்படிச் சொன்னதில்லை. யாராவது அப்படிச் சொன்னபோது இல்லை என்றும் சொன்னதில்லை.

மத்தியானம் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே புத்தகத்தைச் சுவரில் சாய்த்து, அன்றைக்குச் சாயங்காலம் நடத்த வேண்டிய பாடத்தைப் படிப்பேன். கை இலையைச் சுருட்டும். வாய் பாடத்தை முணுமுணுக்கும். பிள்ளைகளைவிட மூன்று மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். யாராவது ஒரு கேள்வி கேட்டு அந்த மூன்று மணி நேரத்தையும் தாண்டிவிட்டால் என் குட்டு உடைந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன்.

பயம் எனக்கு அது ஒன்று மட்டுமில்லை. எட்டாவது படிக்கிற பிள்ளையின் அப்பா நோட்டைத் திருப்பிப் பார்ப்பாரோ. கரண்டு போனால் ஏற்றுகிற சிம்னி விளக்கை யாராவது தட்டிவிடுவார்களோ. ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளை வழியில் வாய்க்காலில் இறங்கிவிடுமோ. பிள்ளைகள் வந்ததும் வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணுவேன். போனபிறகு ஒன்றும் மிச்சமில்லை என்று இன்னொரு முறை பார்ப்பேன். இத்தனையும் எண்ணினேனே, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை ஜூன் மாதம் வந்தது. எட்டாம் வகுப்பு. அம்மையும் மகளுமாக மேலத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். ஊரில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.

"இவ அப்பா பம்பாய்ல இருக்காவ," என்றாள் அந்த அம்மா. "எனக்கு நெஞ்சுச் சளி. மாசத்துல ரெண்டு தடவ பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். தனியா விட்டுட்டுப் போவ முடியாதுல்லா, இவளையும் கூட்டிட்டுத்தான் போவேன். அன்னைக்கு மட்டும் வரமாட்டா. கோவிச்சுக்கிடாதிய."

நெஞ்சுச் சளி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு டி.பி. என்றுதான் பட்டது. மெலிந்த உடம்பு, குழி விழுந்த கண். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் ஊர் என்னைச் சும்மா விடுமா. மறுநாளே அந்தப் பிள்ளையை வாசற்படி ஓரமாக உட்கார வைத்தேன். காற்று வரும் இடம் என்று காரணம் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் உட்காரக்கூடிய இடைவெளி விட்டேன். ஒரு நாள் தனியாக அழைத்து, "அம்மைக்கு இருமும்போது ரத்தம் வருதாட்டி?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்காது.

நல்ல கையெழுத்து அவளுக்கு. அதிகம் பேச மாட்டாள். பொங்கல் கழிந்த வாரம் லீவு லெட்டர் எழுதப் பழக்கினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு. எல்லாரும் பெறுநரை வலது பக்கம் எழுதித் தொலைத்தபோது அவள் ஒருத்தி மட்டும் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் எழுதியிருந்தாள். அவள் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினேன்.

அடுத்த வாரம் குடிமையியல். இந்தியக் குடியரசுத் தலைவரின் அதிகாரங்களும் பணிகளும். அது எட்டாவதுக்குரிய பாடம், ஆனால் ஒரே அறை என்பதால் எல்லாப் பாடமும் எல்லார் காதிலும் விழும். நான் முதல் வரியை வாசித்ததுமே ஆறாம் வகுப்புப் பையன் கையைத் தூக்கினான்.

"யக்கா, குடியரசுத் தலைவர்னா யாரு? முதலமைச்சரா?"

"இல்லலே. அவருக்கும் மேல."

"அப்பம் பிரதமரா?"

"அவருக்கும் மேல."

"அவருக்கும் மேலன்னா சாமியாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் மூன்று முறை படித்தும் எனக்கே பிடி கிடைக்காத பாடம் அது. எல்லாவற்றுக்கும் தலைவர் என்கிறார்கள், ஆனால் எல்லாவற்றையும் அமைச்சர்கள் சொல்லித்தான் செய்வார் என்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"பிரசிடெண்டு. நாட்டுக்குப் பிரசிடெண்டு. நம்ம ஊருக்கு அண்ணாச்சி இருக்காவல்லா, அது மாதிரி."

மடையைத் திறந்துவிட்டது போல ஆகிவிட்டது. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தன. எட்டாவது படித்த நெட்டைப் பையன் ஒருவன் எழுந்து போய், என் அப்பாவின் துண்டைக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். நானும் தடுக்கவில்லை. அந்த மாதிரி ஒரு கலகலப்பு என் முன்னறையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

"முப்படைகளின் தலைவர்," என்று வாசித்தேன்.

"மோட்டார் போடுதவரு ஒரு படை, லைட்டு போடுதவரு ஒரு படை, குப்பை அள்ளுதவரு ஒரு படை," என்றான் முக்காலியில் இருந்தவன். "மூணும் நம்ம கையில."

"சட்ட முன்வரைவுகளில் கையெழுத்திடுகிறார்."

"ரேஷன் கார்டு மனுவ நீட்டு. எங்க போடணும்? பேனா எங்கலே?"

"நெருக்கடி நிலையை அறிவிக்கிறார்."

"மோட்டார் எரிஞ்சுபோச்சு! எல்லாரும் குடத்த எடுத்துட்டு ஆத்துக்குப் போங்கவே!"

வாசற்படி ஓரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பதாவதோடு நின்றவள் நடத்துகிற பாடம் இது என்று யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வரி நீதித்துறை அதிகாரம். மரண தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு அளிக்கவோ தண்டனையைக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு.

"நம்ம பிரசிடெண்டும் மன்னிச்சாவல்லா?" என்றான் நெட்டைப் பையன், முக்காலியை விட்டு இறங்காமலே. "எங்க ஆடு நாத்துல எறங்குனப்ப அவராதம் போட்டாவ. எங்கம்மை போய் அழுததும் விட்டுட்டாவல்லா."

"அதேதான்," என்றேன்.

அப்போது அந்தப் பிள்ளை கேட்டாள். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

"அக்கா, மன்னிக்கணும்னா யாரு கேக்கணும்?"

"தண்டனை ஆன ஆளு கேக்கலாம். இல்லன்னா அவிய வீட்டுல உள்ளவங்க மனு எழுதிக் கொடுக்கலாம்." இது நோட்ஸில் இருந்தது.

"யாருகிட்ட கொடுக்கணும்? டெல்லிக்கா?"

இது நோட்ஸில் இல்லை. எனக்குத் தெரிந்த மனுவெல்லாம் ரேஷன் கார்டும் முதியோர் பென்ஷனும்தான். அப்பாவுக்கு எழுதிய மனுவையும் அப்படித்தான் கொடுத்திருந்தோம். "எந்த மனுவா இருந்தாலும் பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டாத்தான் மேல போவும்," என்றேன்.

"எத்தனை நாளைக்குள்ள கொடுக்கணும்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மூன்று மணி நேர முன்னிலையை அவள் தாண்டிவிட்டாள் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"முப்பது நாளைக்குள்ள," என்றேன். சத்தமாக, நிச்சயமாக.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். அம்மாவும் நானும் பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மதினி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே உள்ளே வந்தாள்.

"ஏளா, உன் டியூஷன் பிள்ள என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கா தெரியுமா?"

பஞ்சாயத்து ஆபீஸில் நடந்ததை அவள் சொன்னாள். குழாய் இணைப்புக்காகப் பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட உடுப்போடு வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். கிளார்க் வழக்கம்போல முதலில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டுத் தாளைப் பிரசிடெண்டிடம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவர் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். "நீரே படியும்வே," என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். எல்லா மனுவையும் படிப்பதுபோல் கிளார்க் இதையும் சத்தமாகப் படித்துவிட்டார்.

அதில் எழுதியிருந்ததைப் பிறகு நானே படித்தேன். அதனால் இப்போதும் அப்படியே சொல்ல முடியும். பெறுநர்: உயர்திரு பிரசிடெண்ட் அவர்கள். பொருள்: என் அப்பாவைத் தூக்கில் போடாமல் மன்னிக்க வேண்டுதல். ஐயா, என் அப்பா பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார். கோர்ட்டில் தூக்கு என்று சொல்லி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ஆகையால் தாங்கள் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மனுவில் பிழை இருந்தால் அதையும் மன்னிக்கவும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.

அனுப்புநரில் அப்பா பெயரையும் பழைய ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள். மேற்கே, வாய்க்கால் மடையைத் திறக்கிற தகராறில் இரண்டு பேர் வெட்டுப்பட்டுச் செத்த ஊர் அது. அந்த வழக்கு எல்லாருக்கும் தெரியும். குழாய் இணைப்புக்கு நின்றவர்களில் ஒருவர் அந்த ஊரில்தான் பெண் எடுத்திருந்தார். செத்தவர்கள் அவர் மனைவிக்குச் சித்தப்பா முறை.

"அந்தாளு ஒண்ணும் பேசல," என்றாள் மதினி. "பைய சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு. அதான் பயமா இருக்கு."

என் கையில் பாதி சுற்றிய பீடி பிரிந்து தூள் மடியில் கொட்டியது. டி.பி. இல்லை. பெரியாஸ்பத்திரி இல்லை. மாதத்தில் இரண்டு முறை அம்மையும் மகளும் எங்கே போனார்கள் என்று புரிந்துவிட்டது. ஒளிந்துகொள்வதற்காக எங்கள் ஊருக்கு வந்தவர்கள் அவர்கள். நான் அந்தப் பிள்ளையை எட்டு மாதம் வாசற்படியில் உட்கார வைத்தேன்.

சாயங்காலம் வாசலில் மூன்று ஜோடிச் செருப்புதான் கிடந்தது. நெட்டைப் பையனின் அம்மா தானே வந்து நின்றாள்.

"கொலகாரன் மவ பக்கத்துல எம்பிள்ளைய உக்கார வச்சிருக்கிய. நாளைக்கு எவனாவது அருவாளோட இங்கன வந்தாம்னா யாரு பதில் சொல்லுவா? அவ வந்தா எம்பிள்ள வரமாட்டான். முடிவாச் சொல்லிட்டேன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் வழக்கம் அது.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது. காலையில் அவள் அம்மா அடித்திருக்க வேண்டும், கன்னத்தில் விரல் தடம். ஆனாலும் முகத்தில் ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்ட தெளிவு இருந்தது.

"அக்கா, சீல் குத்திட்டாவ. நாளு தப்பல."

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது நாள் என்பது நானாகச் சொன்னது, இந்தப் பிரசிடெண்ட் வேறு, அந்தப் பிரசிடெண்ட் வேறு, உனக்கு அவகாசம் இருக்கிறது என்று. அவகாசம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே மூன்று பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"ரெண்டு நாள் போவட்டும். அப்புறமா வாட்டி," என்றேன்.

அவள் கேள்வி கேட்கவில்லை. பாடத்தில் மட்டும்தான் கேட்பாள். திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். பிரசிடெண்ட் அண்ணாச்சி தனியாக இருந்தார். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேஜை டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

"நீதான் சொல்லிக் கொடுத்தியாமே. பிள்ளைகிட்டக் கேட்டேன். அக்கா சொன்னாவன்னு சொல்லிச்சு."

"ஆமா அண்ணாச்சி. நாட்டுக்குப் பிரசிடெண்டுன்னு சொன்னேன். அது…"

"என்னை ஒரேடியா டெல்லிக்குக் கொண்டுபோயிட்டியேம்மா." சிரிப்பதற்காகச் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. "தெருவிளக்குக்கு பல்பு வாங்கவே எனக்குத் தாலுகா ஆபீசுல கால் கடுக்க நிக்கணும். என்கிட்ட ஒரு உசிர எடுத்து நீட்டுது அந்தப் பிள்ள. அந்தக் கிறுக்கன் வேற கொட்டடிச்ச மாதிரி படிச்சுட்டான். நான் பாதியில நிறுத்தியிருக்கணும். கண்ணாடி இல்லாததால எனக்கு என்னன்னே வெளங்கல."

தாளை என் பக்கம் தள்ளினார்.

"இத இங்கன வச்சா யாராவது எடுத்துக் காட்டிக்கிட்டே இருப்பானுவ. நீ கொண்டுபோ. உன் பாடந்தானே."

அந்தத் தாளை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். தனியாக நான் பாளையங்கோட்டை போனது அதுதான் முதல் முறை. பஸ் ஜெயில் மதிலை ஒட்டிப் போனபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் மனு அடித்துக் கொடுக்கிற டைப்பிஸ்ட் ஒருவர் இருந்தார். சொந்தக்காரர்கள் விஷயம் என்று பொய் சொல்லிக் கேட்டேன்.

"செஷன்ஸ்ல தூக்குன்னு சொல்லிட்டா நாளைக்கே போட்டுருவாங்களா என்ன?" என்றார் மெஷினிலிருந்து கையை எடுக்காமல். "மெட்ராஸ் ஹைகோர்ட்டு உறுதி பண்ணணும். ஹைகோர்ட்டுல நாலுக்கு ரெண்டு ஆயுளாக் குறைஞ்சுரும். அங்க போச்சுன்னா சுப்ரீம் கோர்ட்டு. அங்கயும் போச்சுன்னா அப்புறந்தான் கருணை மனு. அத ஜெயில்லயே எழுதி வாங்கி அவங்களே அனுப்பிருவாங்க. வருஷக்கணக்கு ஆவும்மா. யாரு உங்களுக்கு முப்பது நாளுன்னு சொன்னது?"

"ஒருத்தங்க சொன்னாங்க," என்றேன்.

"வெளங்காத பயலுவ," என்று சொல்லிவிட்டு அவர் வரியைத் தொடர்ந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக மனதில் அடுக்கினேன். வருஷக்கணக்கு ஆகும். ஹைகோர்ட்டில் குறையலாம். பிரசிடெண்ட் அண்ணாச்சி கையெழுத்துத் தேவையே இல்லை. நான் சொன்னது தப்பு. அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அதிகம் பழகினேன், அது வாயில் நிற்காமல் போய்விடும் என்று பயந்து. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மேலத் தெருவுக்குப் போனேன்.

கதவு பூட்டியிருந்தது. பூட்டு வீட்டுச் சொந்தக்காரருடையது, பெரிய பித்தளைப் பூட்டு. வாசலில் கோலப்பொடி டப்பா மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

"காலையில முதல் பஸ்ஸுக்கே போயிட்டாவ," என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "ஆபீசுல குழாய்க்கு நின்ன அந்தாளு பொண்டாட்டி ஊர்ல இருந்து ரெண்டு பேரு நேத்து பொழுதடைய வந்து வீட்டப் பாத்துட்டுப் போனானுவ. ஒண்ணும் செய்யல, சும்மா நின்னு பாத்தானுவ. அது போதும்லா."

எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் டி.சி. கூட வாங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முழுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

டியூஷனுக்கு எட்டுப் பிள்ளைகளும் திரும்ப வந்தன. அடுத்த பாடம் நாடாளுமன்றம். அதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பைப் பார்த்தபிறகும், இன்னும் ஒன்று எங்கே என்று ஒரு வாரம் தேடினேன். அந்தக் கோடை முழுக்க, நூலகத்துக்குப் போய்ப் பேப்பரில் கோர்ட்டுச் செய்திகளை மட்டும் படித்தேன். ஒரு மூலையிலாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை, அல்லது வந்த நாளில் நான் போகவில்லை. தூங்கப் படுத்தால் எட்டு நாள் என்ற கணக்கு வந்து நிற்கும். அந்த எட்டு நாளை அவள் எந்த ஊரில், எப்படி எண்ணியிருப்பாள்? ஒன்பதாவது நாள் காலையில் விழித்தபோது என்ன நினைத்திருப்பாள்?

இரண்டு வருஷம் கழித்து, அப்பாவின் பென்ஷன் விஷயமாகப் பாளையங்கோட்டை போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவளே பக்கத்தில் வந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். இருமல் ஒன்றும் இல்லை.

"நல்லாருக்கியளாம்மா?" என்றாள். கோபமே இல்லாத குரல்.

"அவிய…" என்றேன்.

"இருக்காவ. மெட்ராஸ்ல ஆயுளாக் குறைச்சுட்டாவ. இங்கனதான் இருக்காவ. இப்பம் பாத்துட்டுத்தான் வாரேன்." சொல்லிவிட்டுக் கூடையை இடம் மாற்றிப் பிடித்தாள். "உசிரு இருக்கு. அவ்வளவுதான்."

"பிள்ள?"

"மேலப்பாளையம் பக்கம் ஒரு வளவு வீட்டுல இருக்கோம். பீடி சுத்துதா. கை நல்ல வேகம். படிப்புக்கு எங்க போவ? டி.சி. வாங்க அந்த ஊருக்குத் திரும்ப யாரு போவா?"

நானும் பீடிதான் சுற்றுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அது எதற்கு ஆறுதல்?

"தூக்குன்னு சொன்னது அவளுக்குத் தெரியாதுன்னே நெனச்சிருந்தேன்ம்மா," என்றாள். "கேஸு நடக்கு, கேஸு நடக்குன்னே சொல்லிட்டிருந்தேன். ஜெயில் வாசல்ல யாரோ பேசினத கேட்டு வச்சிருக்கா. நாள வேற எண்ணியிருக்கா. அன்னைக்குப் போட்டு அடிச்சுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆயுளாச்சுன்னு வக்கீல் சொன்னப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? என் மனுவாலதான்னா. அக்கா சொன்ன மாதிரி முப்பது நாளைக்குள்ள கொடுத்தேன், சீல் குத்துனத என் கண்ணால பாத்தேன்னா. இன்னைக்கு வரைக்கும் அதத்தான் சொல்லுதா. படிப்பு போச்சேன்னு நான் பொலம்புனா, அப்பா இருக்காவல்லான்னு சொல்லுதா."

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், என் ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சை மார்க் அட்டைக்கு அடியில், அந்தத் தாள் மடித்தபடியே கிடந்தது. வட்டமான ஊதா சீல். கையெழுத்துப் போடும் இடம் காலி. பாளையங்கோட்டை வரைக்கும் என் ரவிக்கைக்குள் வந்துவிட்டுத் திரும்பியதுதான் அது போன தூரம்.

மேலப்பாளையம் பஸ் வந்துகொண்டிருந்தது. கூட்டம் நகர்ந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். நெசமாவே அது டெல்லிக்குப் போச்சாம்மா? நீங்க படிச்சவுக. உங்களுக்குத் தெரியும்லா."

"போச்சு," என்றேன்.

"அண்ணாச்சி கையெழுத்துப் போட்டாவளா?"

"போட்டாவ."

அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவு. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடியே திரும்பினாள்.

"அப்பம் அவகிட்டச் சொல்லுதேன். அக்கா சொன்னாவன்னு சொன்னா நம்பிருவா."